பாயின் தலையில் மாட்டாமல் விட்ட கம்பி

கதிர்,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்றுக் காலை அச்சகத்திலிருந்து வந்தது. உன் அப்பா கட்டைப் பிரித்து ஒரு பத்திரிகையை எடுத்தார். இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்து, வரிவரியாகப் படித்தார். பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன். அதைப் படிப்பதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே உனக்குப் படகுத்துறையில் அவசர வேலை வந்துவிடும், இல்லையென்றால் சிக்னல் போய்விடும். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். படித்துவிட்டுக் கிழி.

உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. அன்று நடந்ததை நீ உன் மனசுக்குள் எத்தனை விதமாக மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. நடந்தது நடந்தபடி ஓரிடத்திலாவது இருக்கட்டும்.

பெரம்பலூர் பைபாஸ் ஓரத்துத் தார்ப்பாய்க் கடையில்தான் நீ வளர்ந்தாய். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிப் போகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதுதான் நம் பிழைப்பு. அப்பா அளந்து வெட்டுவார், நான் மிஷினில் தைப்பேன். அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை. உன்னை யாரும் வற்புறுத்தவும் இல்லை. நீ பாண்டிச்சேரிக்குப் போய், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற ஒரு பாய்மரப் படகில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பயந்தேன். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீச்சல்கூடத் தெரியாத குடும்பத்திலிருந்து என் பையன் படகு ஓட்டுகிறான் என்று, தார்ப்பாய் தைக்க வந்த டிரைவர்களிடமெல்லாம் உன் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போன மாசியில் அந்தப் படகின் முன்பாயைச் சுருட்டிக் கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தாய். தலைப்பக்கம் வெயிலில் நைந்து கிழிந்துபோயிருந்தது. புதிது வாங்க முதலாளி யோசிக்கிறார், நாம் சரிசெய்து கொடுத்தால் இனிமேல் எல்லா வேலையும் நமக்கே வரும் என்றாய். கடைக்குள் அதை விரிக்க இடம் போதவில்லை. சிறுவாச்சூரில் உன் சித்தப்பாவின் மக்காச்சோளக் களத்தைக் கூட்டிப் பெருக்கி, அங்கே கொண்டுபோய் விரித்தோம். வேலை எப்படி நடக்கவேண்டும் என்று அன்று எங்களுக்குச் சொன்னவன் நீதான். அதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

படகின் மூக்கிலிருந்து பாய்மரத்து உச்சிவரை சாய்வாக ஓர் அலுமினியத் தண்டு போகும், அதன் நீளத்துக்கும் காடி என்று ஒரு பள்ளம் ஓடும், பாயின் முன்விளிம்பில் தைக்கிற பட்டை அந்தக் காடிக்குள் நுழைந்து மேலே ஏறவேண்டும் என்று விளக்கினாய். பட்டைக்குள் ஓடுகிற கயிறு காடிக்குச் சரியான பருமனில் இருக்கவேண்டும். "தடிச்சுப் போனா நடுவுல சிக்கிக்கும்மா. மெலிஞ்சு போனா காத்து அடிக்கிறப்ப புடுங்கிக்கிட்டு வந்துடும்" என்றாய். நீ முதலில் கொண்டுவந்த பட்டை தடிப்பு. சோதித்துப் பார்க்க நீ எடுத்து வந்திருந்த தண்டுத் துண்டுக்குள் அது நகரவே இல்லை. திரும்பப் போய் வேறு வாங்கி வந்தாய். அதை நான் தைத்தேன். தையல் கயிற்றின் மேல் ஏறாமல், விட்டும் விலகாமல், விளிம்பு முழுக்க ஒரே நேராகத் தைத்தேன். தைத்து முடித்ததும் நீ அந்தத் துண்டைப் பட்டையில் கோத்து, தலையிலிருந்து அடிவரை களத்தில் நடந்துகொண்டே இழுத்துப் பார்த்தாய். ஓரிடத்திலும் நிற்கவில்லை. "வழுக்கிக்கிட்டுப் போவுதும்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். அப்படி ஒருநாளும் நீ என் வேலையைப் பாராட்டியதில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

நைந்த தலையை வெட்டி எடுத்துவிட்டுக் கீழே புதுத்தலை வைத்துத் தைத்ததால் பாய் பழைய உயரத்துக்குக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அது தப்பில்லை, ஆனால் தலைக்கும் மேலே இழுக்கிற கயிற்றுக்கும் நடுவில் ஒரு கம்பித்துண்டு கட்டாயம் வேண்டும் என்றாய். ஏன் என்று நான் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்துபோய் சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்து வந்தாய். அதுதான் தண்டு. அதன்மேல் ஏறி இறங்குகிற சுழல் வளையத்துக்கு என் கைவளையலில் ஒன்றைக் கழற்றச் சொல்லி வாங்கினாய். பாயின் தலையை அந்த வளையத்தில் மாட்டுவோம், மேலே இழுக்கிற கயிறும் அதில்தான் இருக்கும். வளையம் தண்டின் உச்சிவரை போய் நின்றால், கயிறு விலகி நிற்கும், தண்டைச் சுழற்றிப் பாயைச் சுருட்டும்போது பாய் மட்டும் சுருளும். கம்பி இல்லாமல் வளையம் கீழேயே நின்றுவிட்டால், கயிறு தண்டை ஒட்டித் தொங்கும், சுருட்டச் சுருட்டக் கயிறும் சேர்ந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். தையல் நூலை ஊதுவத்தியில் சுற்றிக் காட்டினாய். "அப்புறம் சுருட்டவும் முடியாது, எறக்கவும் முடியாது. காத்து ஏறிச்சுன்னா அவ்வளவுதான்." இது உன் வாயால் நீயே சொன்னது. நானும் அப்பாவும் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. நீ எழுதிக் கொடுத்த நீளத்துக்கு, அப்பா அரியலூரில் தெரிந்த லாரிப் பட்டறைக்குப் போய், இரண்டு முனையையும் காதுபோல மடித்து அழுத்தின எஃகுக் கம்பி செய்து வாங்கி வந்தார்.

தான் வெட்டின பாய் காற்றில் நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று அப்பாவும் உன்னோடு கிளம்பினார். நான் கடையைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் எழுதப்போவது எல்லாம் அவர் எனக்குச் சொன்னது. அதுவும் உடனே சொல்லவில்லை, எத்தனையோ நாள் கழித்து, நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னது.

பாயைத் தண்டில் ஏற்றும்போது அவர் கீழே நின்று பட்டையைக் காடிக்குள் ஊட்டினார், நீ கயிற்றை இழுத்தாய். எங்கும் சிக்காமல் ஏறியது. ஆனால் நீ கொடுத்த அளவில் கம்பி சற்று நீளமாகப் போயிருந்தது. வளையம் உச்சியில் போய் முட்டிய பிறகும் பாய் விறைப்பாக நிற்கவில்லை, முன்விளிம்பு தொளதொளத்தது. இறக்கி, கம்பியை வெட்டி மறுபடி காது அழுத்த ஒரு நாளாவது ஆகும். முதலாளியின் விருந்தாளிகள் அதற்குள் படகுத்துறைக்கே வந்து நின்றுவிட்டார்கள். நீ பாயை இறக்கினாய், கம்பியைக் கழற்றினாய், பாயின் தலையை நேராக வளையத்தில் மாட்டி மறுபடி ஏற்றினாய். அப்பா கேட்டிருக்கிறார், கம்பி இல்லாமல் ஆகாது என்றாயே என்று. இன்று ஒரு நாள்தானே, காற்று குறைவாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். கரையில் வைத்து ஒருமுறை சுருட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதற்கும் நேரமில்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறியது. பாயைச் சுருட்ட, தண்டைச் சுழற்றுகிற கீழ்க்கயிற்றை நீ இழுத்ததும், ஊதுவத்தியில் நீ காட்டியது அப்படியே நடந்தது. மேலே இழுக்கிற கயிறு தண்டைச் சுற்றிக்கொண்டது. பாய் கால்வாசி சுருண்டு அப்படியே நின்றது. இறக்கவும் வரவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வந்தவர்கள் கத்தினார்கள். நீ படகின் மூக்குக்கு ஓடினாய். உனக்கு உதவி செய்யலாம் என்று அப்பாவும் பிடித்துப் பிடித்து உன் பின்னாலேயே வந்தார். காற்றில் அடித்துக்கொண்டிருந்த பாயின் பின்மூலைக் கயிறு, முடிச்சோடு சேர்ந்து அவர் வலது கண்ணில் அடித்தது.

நான் சாயங்காலம் விழுப்புரம் போய், வேறு பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் டாக்டர் கண் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் உன் முதலாளி வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். என்னப்பா ஆச்சு, எதனால் பாய் சுருளவில்லை என்று அவர் உன்னைத்தான் கேட்டார். நீ யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஊர்ல தைச்ச பட்டை சார். தையல் தடிச்சுப் போயி காடிக்குள்ள சிக்கிக்கிச்சு."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனுஷன் தலையை ஆட்டினார். "ஆமாங்க சார். தையல்லதான் பிசகு" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தத் தையல் நான் தைத்தது, கதிர். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கு அது தெரியும். நீ சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? கடலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாயைப் பற்றித் தெரிந்தவன் நீ சொல்கிறாய், கண்ணைப் பறிகொடுத்தவரும் ஆமாம் என்கிறார். என் கை செய்த வேலையால்தான் என் புருஷனுக்குக் கண் போனது என்று நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த நாட்களை நீ பார்க்கவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ஓரம் தைத்துவிட்டு, அது சரிதானா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன், பிரிப்பேன், மறுபடி தைப்பேன். டிரைவர்கள் சலித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அப்பா டம்ளரை எடுக்கக் கையை நீட்டி, தூரம் புரியாமல் தள்ளிவிடும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய் அழுவேன். அளவுகோலை வைத்து நேராகக் கோடு போட முடியாமல் அவர் சாக்கட்டியைத் தூக்கிப் போட்ட அன்று, அவர் காலைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடச் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தாரே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. நீ வாராவாரம் போன் பண்ணினாய். அம்மா எப்படி இருக்கீங்க என்று கேட்டாய். அழுகிறேன் என்று சொன்னேன். எதற்கு அழுகிறேன் என்றும் சொன்னேன். "விடுங்கம்மா, தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றது" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பொய்யை முதலாளியிடம் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை நீ மன்னித்தாய், கதிர். நீ என்னை மன்னித்தாய்.

ஆடியில் வீடு ஒதுக்கும்போது அப்பா பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோன பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு வேட்டிக்குள் அந்தக் கம்பி இருந்தது. பாயின் தலையில் இருக்கவேண்டிய கம்பி பைக்குள் எப்படி வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் சாப்பாடு போடாமல் எதிரில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் எல்லாம் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பொழைக்கிற புள்ள. அவன் பேரு கெட்டா அப்புறம் எவன் அவனைப் படகுல ஏத்துவான்?"

"என் பேரு?"

"உன் பேரு அங்க யாருக்குத் தெரியும்?"

இப்படிச் சொன்னவர் கெட்டவர் இல்லை. உன்மேல் இருக்கிற பாசத்தில் அவருக்குத் தன் கண்ணும் பெரிதாகத் தெரியவில்லை, என் கையும் பெரிதாகத் தெரியவில்லை. தன் கண்ணை அவர் விட்டுக்கொடுக்கலாம், அது அவருடையது. அன்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது முடிஞ்சுபோன விஷயம்மா. இப்ப எதுக்கு அதைக் கிளறுறீங்க" என்றாய். உனக்கு முடிந்துவிட்டது. அந்தப் படகையே உன் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

அப்போதும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்றைக்காவது நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். பெண் பார்த்து முடிவான பிறகு, போன வாரம் சம்பந்தி வீட்டார் அரியலூரிலிருந்து வந்தார்களே, அன்றுவரை இருந்தேன். வினோதினியின் அப்பா நல்ல மனுஷர். அப்பாவின் கண்ணைப் பற்றி மெதுவாக விசாரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை எல்லாம் சொன்னாருங்க. தையல்ல நேர்ந்த பிசகுதானே, யாரு வேணும்னு செய்வா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அப்பா சிரித்தார். நீ காபியை ஆற்றிக்கொண்டிருந்தாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். புது உறவுக்கும் அந்தக் கதையைத்தான் கொடுத்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இனி உன் பிள்ளைகளுக்கும் அதுதான் போகும். தாத்தாவுக்கு ஏன் ஒரு கண் இல்லை என்று அவர்கள் கேட்பார்கள்.

கல்யாணம் ஆகிற மகனுக்கு அம்மாக்கள் நிறையச் சொல்வார்கள். பெண்ணைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள், கோபத்தைக் குறை, சேமித்து வை என்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நேரமில்லை என்று நீ எதையாவது மாட்டாமல் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகலாம். மனுஷன் என்றால் அது நடக்கும், அதற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. அந்தக் கம்பிக்காக நான் உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். ஆனால் விட்டது நீ என்றால், விட்டவன் நான் என்று சொல். பக்கத்தில் நிற்கிறவள் கையில் அதைத் திணிக்காதே. நாளைக்கு உன் பக்கத்தில் நிற்கப்போகிறவள் வினோதினி.

அதனால்தான் நேற்று மத்தியானம் அவளிடம் சொல்லிவிட்டேன். முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் அளவு பற்றிக் கேட்க அவளே போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாக, அத்தை இப்ப மிஷின்ல உக்கார்றீங்களா, பயம் போயிருச்சா என்று கேட்டாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை. களத்தில் நீ தண்டுத் துண்டை இழுத்துப் பார்த்ததிலிருந்து பைக்குள் கம்பி இருந்ததுவரை, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அப்பா கூடத்தில்தான் இருந்தார். நான் போனை வைத்ததும் எழுந்து வெளியே போனார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். என்னைக் கல்யாணத்தைக் கெடுத்தவளாக நினைக்கிறார் என்று தெரிகிறது. நினைக்கட்டும்.

அந்தப் பெண் அழவில்லை, உன்னைத் திட்டவில்லை, கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.  அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தை, அவரு அன்னைக்குப் பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாரா, இல்ல யோசிச்சுத்தான் சொன்னாரா?"

 உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடமே கேட்டுக்கொள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்கு வந்து நேரிலேயே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடமாவது தலையைத் திருப்பிக்கொள்ளாமல் பதில் சொல்.

அம்மா